மையும் வெடிமருந்தும்



இலக்கியத் தொடர் ஒன்றிலே வீடியோ விளையாட்டைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களுள் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். அந்த விளையாட்டினுள்ளே வைக்கப்பட்டிருக்கும் இரண்டு பொறிகளைப் பற்றியே நான் பேச வந்தேன். ஒன்று துப்பாக்கி. மற்றது, எழுதுகிறவர்களாகிய நமக்கு மிகவும் வேண்டிய தட்டச்சுப் பொறி. இவ்விரண்டுக்கும் உள்ள உறவு பலரும் எண்ணுவதைவிட நெருங்கியது; பழையதுங்கூட.

ஜப்பானின் ஒசாகா நகரைச் சேர்ந்த கப்கொம் நிறுவனம் 1996ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 'பயோஹஸார்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. ஏனைய நாடுகளிலே அது 'ரெஸிடென்ட் ஈவில்' என்ற பெயரைப் பெற்றது. காட்டின் நடுவே ஒரு மாளிகை. அதனுள்ளே நடமாடும் பிணங்கள். அகப்பட்டுக்கொண்ட பொலிஸ் படையினர் சிலர் உயிரோடு வெளியேற வேண்டும். கதை இவ்வளவுதான். கண்டதையெல்லாம் சுட்டுத் தள்ளும் விளையாட்டன்று இது. ரவைகள் எண்ணி எண்ணியே கிடைக்கும். வீணாக்கினால் அடுத்த அறையிலே வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். திகிலோடு பிழைத்து வெளியேறும் இந்த வகைக்கு ஒரு தனிப்பெயரே உண்டாயிற்று.

கடந்து வந்த தூரத்தைப் பதிந்து வைக்க விரும்பினால், ஒருசில அறைகளில் மட்டும் இருக்கும் தட்டச்சுப் பொறியைத் தேடிப் போகவேண்டும். அதற்கு மைநாடா வேண்டும். மைநாடாவும் ரவையைப் போலவே அளவாகத்தான் கிடைக்கும். நாடாவை மாட்டி எழுதிவிட்டால், பின்னர் மாண்டாலும் எழுதிய இடத்திலிருந்து மீண்டும் எழலாம். எழுதாமல் மாண்டால் நடந்த வழியெல்லாம் பாழ்.

இதை எனக்கு விளக்கிய என் பேரன் ஒரே வசனத்தில் முடித்துவிட்டான். "அம்மப்பா, சுடத் தெரிஞ்சால் மட்டும் காணாது, எழுதவும் வேணும்."

ஆயிரம் பக்கங்களிலே எழுதவேண்டியதைப் பையன் ஐந்தாறு சொற்களில் சொல்லிவிட்டான் என்றே நினைத்தேன்.

பிணங்கள் கற்பனை, துப்பாக்கிகள் நிஜம்

இவ்விளையாட்டுத் தொடரில் வரும் ஊரும் நோயும் பிணங்களும் கற்பனையே. துப்பாக்கிகளோ கற்பனையல்ல. முதலாவது விளையாட்டின் கைத்துப்பாக்கிக்குப் பெயரே பெரெற்றா. வட இத்தாலியின் கார்தோனே என்ற ஊரிலே 1526ஆம் ஆண்டு பார்தொலொமேயோ பெரெற்றா என்ற கொல்லர் வெனிஸ் நகரப் படைக்கலச் சாலைக்கு 185 துப்பாக்கிக் குழல்களை விற்றமைக்கு ஆவணம் இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் பெயர் தாங்கிய கைத்துப்பாக்கியை அமெரிக்க இராணுவம் 1985இல் ஏற்றுக்கொண்டது. மாளிகையினுள்ளே கிடைக்கும் சுழல் துப்பாக்கி, 1955இல் சந்தைக்கு வந்த கோல்ட் பைதன்.

1998இல் வந்த இரண்டாவது விளையாட்டில் இளம் பொலிஸ்காரனின் கையில் இருப்பது ஜேர்மனியின் ஹெக்லர்-கொக் நிறுவனம் 1970இல் செய்த வி.பி.70. பிளாஸ்ரிக் உடலோடு செய்யப்பட்ட முதற் கைத்துப்பாக்கிகளுள் ஒன்று அது. அதன் பின்புறத்தில் தோளணையை மாட்டினால், ஒரே இழுப்பில் மூன்று ரவைகள் பாயும். விளையாட்டிலும் அப்படியேதான். தோளணை கிடைத்த பின்னரே மூன்று ரவைகள் ஒன்றாகப் பாய்கின்றன. நூற்றுக்கணக்கான பொய்களுக்கு நடுவே இந்தச் சிறு உண்மையை இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் ஜப்பான், துப்பாக்கியைக் காண்பதே அரிதான நாடு. 1958ஆம் ஆண்டின் சட்டம் துப்பாக்கியையும் வாளையும் பொதுமக்களின் கைக்கு எட்டாமற் செய்தது. உலோகத்தாற் செய்த மாதிரிக் கைத்துப்பாக்கிகள்கூட, நிஜமென்று மயங்காதிருக்கும் பொருட்டு, 1971இன் பின்னர் வெள்ளை அல்லது மஞ்சள் நிறம் பூசப்பட வேண்டியனவாயின. நிஜம் கிடையாத இடத்தில் வடிவத்தின் மீது ஒரு தனி மோகம் வளர்ந்தது. பொம்மைத் துப்பாக்கிகளை உறுப்பு உறுப்பாகக் கழற்றிப் பூட்டி ரசிக்கும் கூட்டமொன்று அங்கே உண்டு. துப்பாக்கியின் உடலை அவர்கள் நன்றாகவே அறிவார்கள். அதன் வரலாறு வேறு சங்கதி.

ஒரே பட்டறையின் இரு பிள்ளைகள்

இரண்டாவது விளையாட்டில் வரும் வேட்டைத்துப்பாக்கி றெமிங்டன் 1100 வகையைச் சேர்ந்தது. றெமிங்டன் என்றதும் பழைய கந்தோர்க்காரர்களுக்குத் துப்பாக்கியா நினைவுக்கு வரும்? தட்டச்சுப் பொறிதான் வரும். இரண்டும் ஒரே பெயர்தானா? ஆம், ஒரே பட்டறைதான்.

எலிஃபலட் றெமிங்டன் 1816இல் தமது முதற் துப்பாக்கியைச் செய்தார் என்பர். நியூயோர்க் மாநிலத்தின் இலியன் என்ற ஊரிலே அவரது தொழில் வளர்ந்தது. 1861இல் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போர் அதற்குப் பெருவாழ்வு தந்தது. 1865இல் போர் ஓய்ந்தது. சமாதானம் வந்தால் துப்பாக்கிக் கடைக்காரனுக்குப் பஞ்சம். ஆகவே அந்நிறுவனம் தையற் பொறிகளையும் கமக்கருவிகளையும் செய்யத் தொடங்கிற்று. அவ்வேளையில், கிறிஸ்தோபர் லதாம் ஷோல்ஸ் என்பாரும் தோழர்களும் உருவாக்கியிருந்த எழுதும் பொறியைச் செய்து தர 1873இல் உடன்படிக்கை செய்துகொண்டது. அடுத்த ஆண்டு அது விற்பனைக்கு வந்தது. தையற் பொறிப் பிரிவின் கைவினைஞர்கள் செய்தமையால், அதன் மேலே பூவேலைப்பாடு இருந்தது; காலால் மிதிக்கும் பலகைகூட இருந்தது. பெரிய எழுத்துகளை மட்டுமே அது அடித்தது. அதே 1874இல் அதை வாங்கியவர்களுள் ஒருவர் எழுத்தாளர் மார்க் ருவெயின்.

உருக்கை அளந்து வெட்டவும், சிறு வில்லைச் சரியான இடத்திலே பொருத்தவும், ஒன்றைப் போலவே ஆயிரத்தைச் செய்யவும் துப்பாக்கியினால் பழகிய தொழிற்சாலைதான் எழுத்துக்கும் பொறி செய்து கொடுத்தது. விசையை அழுத்தினால் சுத்தி பாய்ந்து அடிக்கிறது. துப்பாக்கியிலும் அதேதான்; தட்டச்சிலும் அதேதான். அந்தப் பொறியின் பரம்பரையிலேதான், நமது சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள் தமிழுக்கென ஒரு விசைப்பலகையை வகுத்துத் தந்தார்கள். நாம் தட்டிய ஒவ்வொரு கடிதத்துக்கும் அந்தப் பட்டறையிலே ஒரு தூரத்து உறவு உண்டு.

உறவு அத்துடன் முடியவில்லை. இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் தட்டச்சு மீண்டும் தாய்வீடு சென்றது. தட்டச்சுப் பொறி செய்த றெமிங்டன் ராண்ட் நிறுவனம் அமெரிக்கப் படைக்கு எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகளைச் செய்தது. இன்னொரு தட்டச்சு நிறுவனமான சிமித்-கொரோனா, ஸ்பிரிங்ஃபீல்ட் 1903 வகை நெடுந்துப்பாக்கிகளை இரண்டு இலட்சத்துக்கு மேலாகச் செய்தது. அண்டர்வூட் நிறுவனமும் பின்னிற்கவில்லை. நாவலாசிரியர்கள் கதை எழுதிய பொறிகளின் பெயர்களே போர்வீரர்களின் ஆயுதங்களிலும் பொறிக்கப்பட்டிருந்தன.

சிவப்பு ஒன்பது

2005இல் வந்த நான்காவது விளையாட்டு, ஸ்பானிய மொழி பேசும் ஒரு மலைக்கிராமத்தில் நடக்கிறது. கறுப்பு அங்கி அணிந்த வியாபாரி ஒருவன் பெசெற்றா நாணயம் வாங்கிக்கொண்டு துப்பாக்கி விற்கிறான். 2002இலேயே செல்லாமற்போன நாணயம் அது. கற்பனையூரில் இன்னும் செல்கிறது. இவ்விளையாட்டிலே நிறுவனங்களின் பெயர்கள் மறைந்து புனைபெயர்கள் வந்துவிட்டன. ஆயினும் அவற்றுள் இரண்டு பெயர்கள் புனைந்தவை அல்ல, சரித்திரம் சூட்டியவை.

ஒன்று, 'சிவப்பு ஒன்பது'. இது 1896இல் ஜேர்மனியின் ஓபெர்ன்டோர்ஃப் நகரில் பிறந்த மௌசர் கைத்துப்பாக்கி. 1898 செப்டெம்பர் 2ஆந் திகதி சூடானின் ஒம்துர்மான் போர்க்களத்தில், தோள்மூட்டு விலகியிருந்தமையால் வாளை நம்ப முடியாத இருபத்துமூன்று வயதுக் குதிரைப்படை அதிகாரி ஒருவர் இதையே ஏந்தினார். அவர்தான் வின்ஸ்டன் சேர்ச்சில். அன்று ஒரே நாளில் ஏறத்தாழப் பத்தாயிரம் சூடானியர் மடிந்தார்கள். சேர்ச்சில் தமது நூல்களிலே அந்நாளைப் பற்றி எழுதினார். மடிந்தவர்களின் கதையை எழுத அவர்களுள் எத்தனை பேர் எஞ்சினார்கள்?

முதலாம் உலக யுத்தத்தில் கைத்துப்பாக்கிகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. 1916இல் ஜேர்மன் இராணுவம் ஒரு இலட்சத்து ஐம்பதாயிரம் மௌசர்களைக் கேட்டது. வழக்கமான 7.63 மில்லிமீற்றர் அளவிலன்றி, தனது 9 மில்லிமீற்றர் ரவைக்கு ஏற்றவாறு கேட்டது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. இருட்டிலும் சேற்றிலும் நிற்கும் சிப்பாய் தவறான ரவையைப் போட்டுவிடக் கூடாதல்லவா? ஆகவே மரப்பிடியிலே பெரியதாய் ஓர் ஒன்பதைச் செதுக்கிச் சிவப்பு மையைப் பூசினார்கள். அந்த எச்சரிக்கைக் குறிதான் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளின் பின்னர் ஒரு விளையாட்டில் பெயராய் வந்து நிற்கிறது. மரத்தாலான தோளணைகூட விளையாட்டிலே தனியாக விலைக்குக் கிடைக்கிறது.

ஆனால் ஸ்பெயினுக்கும் இத்துப்பாக்கிக்கும் உள்ள மெய்யான தொடர்பு விளையாட்டிலே இல்லை. அதை நான் சொல்கிறேன். மௌசரைப் போலவே தோற்றம் கொண்ட துப்பாக்கிகளை, 1927இலிருந்து அஸ்ட்ரா என்ற பெயரில் ஒரு ஸ்பானியத் தொழிற்சாலை செய்தது. பெரும்பகுதி சீனாவுக்குப் போயிற்று. அத்தொழிற்சாலை இருந்த ஊரின் பெயர் கேர்னிக்கா.

ஆம், பிக்காசோவின் ஓவியத்தினால் உலகமே அறிந்த அதே கேர்னிக்காதான். 1937 ஏப்ரில் 26, திங்கட்கிழமை, சந்தை நாள். ஜேர்மன், இத்தாலிய விமானங்கள் ஊரின் மீது குண்டு பொழிந்தன. வீடுகள் எரிந்தன, மக்கள் மாண்டார்கள். துப்பாக்கித் தொழிற்சாலையோ சேதமின்றி நின்றது! மனிதர் வாழ்ந்த கூரைகள் சாம்பலாக, ஆயுதம் செய்த கூரை தப்பியது. இதைவிடக் கசப்பான திகிற்கதையை எந்த விளையாட்டுக்காரன் புனைவான்? இன்று அந்தத் தொழிற்சாலைக் கட்டடத்திலே கலை நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன என்பது ஓரளவு ஆறுதல்.

சிக்காகோவின் தட்டச்சு

இரண்டாவது பெயரே என்னை இந்தப் பேச்சுக்கு இழுத்து வந்தது. அதே விளையாட்டில், ரவை தீராத துப்பாக்கி ஒன்று பரிசுபோல இறுதியிலே கிடைக்கும். அதன் பெயர் 'சிக்காகோ தட்டச்சு'.

தொம்சன் இயந்திரத் துப்பாக்கிக்கு அமெரிக்கத் தெருக்கள் சூட்டிய பட்டப்பெயர் இது. ஜோன் தொம்சன் என்ற தளபதி, அகழிப்போரிலே சிக்கிய வீரர்களுக்காக அதை எண்ணினார். ஆயுதம் களம் சேருமுன் 1918 நவம்பர் 11ஆந் திகதி யுத்தம் முடிந்தது. 1921இல் கோல்ட் நிறுவனம் பதினையாயிரம் துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தது. வாங்குவார் குறைவு. மதுவிலக்குக் காலத்துக் கள்ளக் கூட்டங்கள் அதைக் கண்டுகொண்டன. தட்டச்சுப் போலச் சடசடவென்று ஒலித்தமையால் இந்தப் பெயர். 1929 பெப்ரவரி 14ஆந் திகதி சிக்காகோவில் வாகனக் கொட்டகை ஒன்றிலே ஏழு மனிதரைச் சுவரோடு நிறுத்திச் சுட்டார்கள். இரண்டு தொம்சன்களும் வேட்டைத்துப்பாக்கியும் பேசின.

அந்தப் பட்டப்பெயரில் இன்னோர் உண்மையும் உண்டு. கல்வின் கொடார்ட் என்ற ஆய்வாளர், அங்கே கிடந்த வெற்று ரவைக் கூடுகளையும் உடல்களிலிருந்து எடுத்த சன்னங்களையும் நுணுக்குக்காட்டியின் கீழே வைத்து, எந்தத் துப்பாக்கி சுட்டது என்று கண்டறிந்தார். ஒவ்வொரு துப்பாக்கியும் தனது ரவையின் மீது தனக்கேயுரிய கீறல்களை விட்டுச் செல்கிறது. துப்பாக்கியும் எழுதத்தான் செய்கிறது. அதை வாசிக்க ஒருவர் வேண்டும். 1934இல் அமெரிக்கா இத்தகைய துப்பாக்கிகளின் மீது 200 டொலர் வரி விதித்து, பதிவையும் கட்டாயமாக்கியது. அதற்குள் எத்தனை உயிர்கள்!

நேயர்களே, விளையாட்டைக் குற்றஞ்சாட்டுவது என் நோக்கமன்று. பிள்ளைகள் பயந்து மகிழ்வதற்குப் பாட்டிமாரின் பேய்க்கதைகளும் இருந்தனவே. என் கவலை வேறு. ரவையின் அளவையும் தோளணையின் வடிவையும் ஒரு பிழையில்லாமற் காத்துத் தருகிற இந்தக் கலை, அவற்றின் முன்னால் நின்ற மனிதரை மட்டும் விட்டுவிடுகிறது. ஒன்பது இருக்கிறது, அதைச் செதுக்கிய யுத்தம் இல்லை. சிக்காகோ இருக்கிறது, சுவரோரம் நின்ற எழுவர் இல்லை. விளையாட்டில் சுடப்படுவது பிணமே. ஆதலால் அழுவாரும் இல்லை. நிஜத்திலோ ஒவ்வொரு ரவையின் முன்னாலும் பெயருள்ள ஒருவர் நின்றார்.

அதை எழுதி வைப்பது யார்? அந்த விளையாட்டை அமைத்தவர்கள், அறிந்தோ அறியாமலோ, விடையை அதே மாளிகைக்குள் வைத்திருக்கிறார்கள். துப்பாக்கி ஓர் அறையைக் கடக்க மட்டுமே உதவும். நடந்ததைக் காப்பது மைநாடா மாட்டிய அந்தப் பொறிதான். ஒரே பட்டறையில் இரண்டும் பிறந்திருக்கலாம். ஆனால் ரவை தீராத துப்பாக்கியைவிட, மை அளவாகக் கிடைக்கும் தட்டச்சையே நான் தெரிவு செய்வேன். மை குறைவென்றால், எதை எழுதுவது என்று நாம் தீர்மானித்தே ஆகவேண்டும். மாண்டவர்களின் பெயர்களிலிருந்து தொடங்குவோம்.