நரம்பு நைலான் ஆன கதை

கிளாசிக்கல் கிட்டாரில் பெரும்பாலும் முதலில் தேய்வது நான்காவது தந்திதான். என் கிட்டாரில் இன்று அது தேய்ந்து விட்டது. இரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேராக, ஒரு நெல்மணி நீளத்துக்கு, வெள்ளிப் பூச்சுக் கம்பியின் சுற்று அறுந்து விலகியிருக்கிறது. உள்ளேயிருக்கும் நைலான் இழைகள் பஞ்சு போல வெளியே எட்டிப் பார்க்கின்றன. தந்திக்கு அடியில் கட்டைவிரல் நகத்தை வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். ஃப்ரெட் வரும் இடத்தில் எல்லாம் நகம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மெல்லிய முதல் மூன்று தந்திகளில் கம்பிச் சுற்று கிடையாது, வெறும் ஒற்றை இழை. அவை மாட்டிய அன்று இருந்தது போலவே இருக்கின்றன.

இப்படி நைலானும் வெள்ளிப்பூச்சும் சேர்ந்த தந்திகள் பிறந்து ஏறக்குறைய எண்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாகக் கிட்டாருக்குத் தந்தி கொடுத்தது ஆடு. ஆட்டுக்குடலைச் சுத்தம் செய்து, கீற்றுகளாக்கி, முறுக்கி, இழுத்துக் காயவைத்து, மழமழவென்று தேய்த்து எடுப்பார்கள். கனத்த மூன்று தந்திகளுக்கு உள்ளே பட்டு இழை, மேலே உலோகச் சுற்று. நம் பழைய பாடல்கள் யாழின் தந்தியை நரம்பு என்றே சொல்கின்றன. அந்தச் சொல்லுக்கு ஐரோப்பியக் கிட்டார் அப்படியே பொருந்தியிருந்தது.

குடல்தந்தியின் ஒலியை இன்றும் கொண்டாடுபவர்கள் உண்டு, எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு மேடை ஏறுவது வேதனை. காற்றில் ஈரம் ஏறினால் சுருதி நகரும். வலதுகை நகம் படும் இடத்தில் நூல் நூலாகப் பிரியும். முறுக்கு எங்காவது ஒரு சீராக இல்லையென்றால், எந்த ஃப்ரெட்டை அழுத்தினாலும் அபஸ்வரம். முதல் தந்திதான் எல்லாவற்றிலும் மெல்லியது, கச்சேரி நடுவிலேயே அறுந்துபோகும். அறுந்த தந்தியை மாற்றி மறுபடி சுருதி சேர்க்கும்வரை சபை காத்திருக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது அந்தத் தந்திக்கும் பஞ்சம் வந்தது. அறுவை சிகிச்சையில் காயத்தைத் தைக்கும் கேட்கட் நூலும் குடலில் செய்ததுதான். போர்முனைக்கு அது மூட்டை மூட்டையாகப் போயிற்று. மனிதர் உடலைத் தைக்க வேண்டியிருக்கும்போது கிட்டாருக்கு யார் கொடுப்பார்கள்? ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் ஆந்த்ரே செகோவியா அந்த ஆண்டுகளில் உருகுவேயின் மொண்டேவீடியோவில் குடியிருந்து, அமெரிக்காவுக்கு வந்து வாசித்துப் போய்க்கொண்டிருந்தார். கிட்டாரைக் கச்சேரி மேடைக்குரிய வாத்தியமாக உலகை ஏற்க வைத்த அவருக்கே நல்ல தந்தி கிடைக்காத நிலை.

நைலான் அப்போது புதுச் சரக்கு. 1935-இல் டுபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு அதைச் செய்தது. 1938-இல் பல் துலக்கும் பிரஷ்ஷின் நாராக வெளியே வந்தது, 1940-இல் பெண்களின் காலுறையாகக் கடைக்கு வந்தது. பிறகு போர் அதையும் பாராசூட்டுக்கு இழுத்துக்கொண்டது.

நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்றொரு கிட்டார் செய்பவர் இருந்தார், டென்மார்க்கிலிருந்து வந்தவர். தந்தி கிடைக்காத அவர், கிரீனிச் வில்லேஜில் ராணுவ உபரிச் சாமான் விற்கும் கடையில் நைலான் இழையைப் பார்த்து, வாங்கி வந்து கிட்டாரில் கட்டிப் பார்த்தார் என்பது ஒரு கதை. பிரிட்டிஷ் தூதரகத்தைச் சேர்ந்த லிண்டமன் என்ற தளபதி டுபான்ட்டிலிருந்து சில நைலான் இழைகளை வாங்கிக் கொடுத்தார், அவற்றை அகஸ்டினிடம் ஒப்படைத்தேன் என்பது செகோவியா சொன்ன கதை. இரண்டும் வந்து சேரும் இடம் அகஸ்டினின் பட்டறைதான். எந்தக் கை முதலில் கொடுத்தது என்பதைவிட, வாங்கிய கை என்ன செய்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஏனென்றால் இழையைக் கட்டியதும் அது தந்தி ஆகிவிடவில்லை. தந்திக்கு இரு முனைக்கும் இடையே ஒரே கனம் வேண்டும். மயிரிழை பிசகினாலும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி காட்டிக்கொடுத்துவிடும். நைலான் குடலைவிட லேசானது, அதனால் அதே சுருதிக்கும் இழுவிசைக்கும் இன்னும் பருமனாக வேண்டும். கனத்த தந்திகளுக்கு உள்ளே பட்டுக்குப் பதில் நைலான் இழைக்கற்றையை வைத்து, அதன்மேல் கம்பியை நெருக்கிச் சுற்ற வேண்டும். இழையைத் தயாரிக்கும் டுபான்ட்டுக்கோ நம்பிக்கை இல்லை. இந்த உலோக வாடை அடிக்கும் ஒலியைக் கிட்டார்காரர்கள் ஏற்கவே மாட்டார்கள் என்றார்களாம். அகஸ்டின் டுபான்ட்காரர்களை உட்காரவைத்து, எது எது என்று சொல்லாமல் குடல்தந்தியின் ஒலியையும் நைலானின் ஒலியையும் கேட்கவைத்தார், அவர்கள் நைலானைத்தான் நல்லதென்று எடுத்தார்கள் என்று சொல்கிறார்கள். 1947 வாக்கில் அகஸ்டின் தந்திகள் விற்பனைக்கு வந்தன. செகோவியா அவற்றையே மாட்டி உலகெங்கும் வாசித்தார். அதற்குமேல் வேறு விளம்பரம் எதற்கு? 1967-இல் அகஸ்டின் மறைந்த பிறகு மனைவி ரோஸ் நிறுவனத்தை ஏற்று, 2003-இல் தான் இறக்கும்வரை நடத்தினார்.

அந்தப் பட்டறையில் தீராமல் விட்ட சிக்கல்கள்தான் இன்று தந்தி வாங்கப் போகும் நம் கையில் இருக்கின்றன. மூன்றாவது தந்தி மந்தமாக, அடைத்த தொண்டை போல ஒலிக்கிறதே என்று பலர் குறைப்படுவார்கள். அந்த நைலான் ஒரு மில்லிமீட்டர் பருமன், அதுதான் காரணம். இதற்கு மருந்தாகப் பின்னால் வந்தது கார்பன் தந்தி என்று கடையில் சொல்லப்படும் ஃப்ளோரோகார்பன். நைலானைவிட அடர்த்தி கூடியது, அதனால் மெல்லியதாக இருந்தே அதே சுருதியைக் கொடுக்கும், ஒலி பளிச்சென்றிருக்கும். மூன்றாவதை மட்டும் கார்பனாக மாற்றி மற்றதை நைலானாக வைத்துக்கொள்வது நல்ல வழி, நான் அப்படித்தான் செய்கிறேன். கனத்த தந்திகளை விரல் வியர்வையும் ஃப்ரெட்டின் உராய்வும் சேர்ந்தே தின்கின்றன. சுற்றுக்கம்பி கறுத்து, இடுக்கில் அழுக்கு சேர்ந்து, அறுவதற்கு வெகுமுன்னமே ஒலியில் மணி போய்விடும். அவற்றில் நான்காவதின் சுற்றுக்கம்பி ரொம்ப மெல்லியது, அதனால் அது முந்திக்கொள்கிறது. வாசித்து முடித்ததும் துணியால் ஒருமுறை துடைத்தால் சில வாரங்களாவது கூடக் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சத்தம் கூடுதலாக வரும் என்று யார் சொன்னாலும் நைலான் கிட்டாரில் ஸ்டீல் தந்தியை மாட்டாதீர்கள். ஆறு நைலான் தந்திகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கும், ஸ்டீல் செட் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு இழுக்கும். முதல் கிட்டாரில் நான் அதைச் செய்தேன். ஒரு மாதத்தில் பிரிட்ஜ் பலகையை விட்டு எழும்பி, இடையில் ஒரு அஞ்சலட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்துவிட்டது.

புது நான்காவதைக் கட்டிவிட்டேன். பிரிட்ஜ் துளையில் நுழைத்து, தன்னையே சுற்றி மடக்கி, முனையை மேல்விளிம்புக்குப் பின்னால் அழுந்தும்படி கொடுத்தேன். இப்போது ஒலி கணீரென்று இருக்கிறது, ஆனால் சுருதி நிற்கவில்லை. நைலான் நீளும், நின்று நிதானிக்க நாலைந்து நாள் ஆகும். இந்தப் பத்தி எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்துபோய் முறுக்காணியைத் திருகிவிட்டேன்.