கோளப் பொதிவு

ஒரே அளவுள்ள கோளங்களை ஓரிடத்தில் எவ்வளவு நெருக்கமாக அடுக்க முடியும் என்பதை ஆராயும் கணிதத் துறை கோளப் பொதிவு. மொத்த இடத்தில் கோளங்கள் அடைத்துக்கொள்ளும் பங்கு பொதிவு அடர்த்தி எனப்படும்.

பழக்கடையில் சாத்துக்குடிக் குவியலை உற்றுப் பார்த்தால் இதன் அடிப்படை விளங்கும். அடித்தட்டில் ஒவ்வொரு பழத்தையும் ஆறு பழங்கள் சுற்றித் தொட்டுக்கொண்டிருக்கும். மும்மூன்று பழங்களுக்கு நடுவே ஒரு குழி விழும். எல்லாக் குழிகளிலும் பழம் வைக்க இடம் போதாது. பாதிக் குழிகளில்தான் இரண்டாம் தட்டு உட்காரும். மூன்றாம் தட்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் தட்டுப் பழங்களுக்கு நேர் மேலே வைத்தால் அறுங்கோணப் பொதிவு. காலியாக விட்ட குழிகளுக்கு நேர் மேலே வைத்தால் கனசதுரப் பொதிவு. மக்னீசிய அணுக்கள் முதல் வகையிலும், செம்பு, வெள்ளி, தங்க அணுக்கள் இரண்டாம் வகையிலும் அமைந்துள்ளன. இரண்டிலும் உள்ளிருக்கும் ஒவ்வொரு கோளமும் 12 கோளங்களைத் தொடும். அடர்த்தி சுமார் 74.05 விழுக்காடு. கண்டபடி கொட்டிக் குலுக்கினால் 64 விழுக்காட்டை ஒட்டியே நின்றுவிடும்.

இதைவிட நெருக்கமான அடுக்கு கிடையாது என்று யோகான்னசு கெப்ளர் 1611-இல் பனித்துகளின் அறுகோண வடிவம் பற்றிய சிறுநூலில் எழுதினார். கப்பலில் பீரங்கிக் குண்டுகளை அடுக்குவது பற்றி வால்ட்டர் ராலே கேட்ட கேள்வியிலிருந்து இதை ஆராயத் தொடங்கிய தாமசு ஏரியட், கெப்ளருடன் கடிதத் தொடர்பில் இருந்தவர். கெப்ளர் நிறுவல் எதுவும் தரவில்லை. ஒரே சீராகத் தொடரும் அடுக்குகளுக்கு (அணிக்கோவைகளுக்கு) மட்டும் அவர் கூற்று உண்மை என்று 1831-இல் கணிதவியலாளர் காசு காட்டினார். ஒழுங்கற்ற அடுக்குகள்தான் பெரிய தடை. ஒரு கோளத்தைச் சுற்றி மட்டும் பார்த்தால் பன்னிருமுக அமைப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டிய நெருக்கம் கிடைக்கும். ஆனால் அந்த அமைப்பை இடைவெளியின்றி வெளி முழுவதும் தொடர முடியாது.

கணிதவியலாளர் தாமசு ஏல்சு 1998-இல், மாணவர் சாமுவேல் பெர்குசனின் துணையோடு கெப்ளர் கூற்றுக்கான கணினிவழி நிறுவலை முடித்தார். நடுவர்கள் ஆண்டுக்கணக்கில் சரிபார்த்து, 99 விழுக்காடு உறுதி என்று மட்டுமே சொன்னார்கள். 2005-இல் அது அச்சேறியது. எஞ்சிய ஒரு விழுக்காட்டை ஏல்சு அப்படியே விட்டுவிடவில்லை. ஒவ்வொரு தருக்கப் படியையும் கணினியே சோதிக்கும் பிளைசுபெக் திட்டத்தைத் தொடங்கி 2014-இல் நிறைவு செய்தார். இந்த வரலாற்றிலேயே மிகவும் மதிக்கத்தக்க உழைப்பு இதுதான்.

இதே கேள்வியை மூன்றுக்கு மேற்பட்ட பரிமாணங்களிலும் கேட்கலாம். அத்தகைய உயர் பரிமாணக் கோளப் பொதிவு, செய்தி அனுப்புகையில் நேரும் பிழைகளைத் திருத்தும் குறியீடுகளோடு நெருங்கிய தொடர்புடையது. லீச் அணிக்கோவை என்னும் 24 பரிமாண அடுக்குக்கு உறவான கோலே குறியீடு, வாயேஜர் விண்கலங்கள் வியாழன், சனிப் படங்களை அனுப்பப் பயன்பட்டது. 8 பரிமாணத்துக்கான விடையை 2016-இல் மரீனா வியசோவுசுகா நிறுவினார். தொடர்ந்து நால்வருடன் சேர்ந்து 24 பரிமாணத்துக்கும் நிறுவினார். 2022-இல் அவருக்கு பீல்ட்சு பதக்கம் வழங்கப்பட்டது. நான்கு பரிமாணத்தில் சிறந்த பொதிவு எதுவென்பது இன்னும் நிறுவப்படவில்லை.