கேளாதார்க்கும் உரிய உரிமை

நீதிமன்றத்தின் வாயில் எல்லோர்க்கும் திறந்திருக்கிறது என்பர். ஆயின் உள்ளே சென்றவர்க்காக எடுத்துரைக்க ஒருவர் வேண்டுமன்றோ? பொருளுடையோர்க்கு அவ்வொருவர் என்றும் கிடைத்தார். கூலி வேலை செய்து பிழைத்த நம்மவரோ வக்கீலுக்காக ஆடு மாடுகளை விற்றனர். விற்க ஏதுமற்றோர் கூண்டில் வாய்மூடி நின்றனர். இந்நிலை மாறிய வரலாற்றை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948 மார்ச் 3இல் சென்னை மாகாணத்துடன் இணைந்தது. நார்த்தாமலை மக்களும் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆளுகைக்குள் வந்தனர். அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான குழு வரைந்த அரசியல் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தது. கைதானவர் தாம் விரும்பும் வழக்கறிஞரை அமர்த்தலாம் என்று அதன் 22ஆம் விதி கூறிற்று. அமர்த்தப் பணமில்லாதவர் என் செய்வார்? பீகார்ச் சிறைகளில் விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் வாடியோரின் வழக்கில், 1979இல் உச்சநீதிமன்றம் விடை தந்தது. ஏழைக்கு இலவசச் சட்ட உதவி சலுகையன்று, உரிமையே என்றது.

எனினும் ஓர் ஐயம் எஞ்சியது. உதவியைக் கேளாதவர்க்கும் அவ்வுரிமை உண்டா? அருணாசலப் பிரதேசத்தில் சுக்தாஸ் என்பவர் வக்கீலின்றி விசாரிக்கப்பட்டு ஈராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் உதவி கேட்கவில்லை என்று காரணங்காட்டி, கௌஹாத்தி உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. 1986 மார்ச்சில் உச்சநீதிமன்றம் தண்டனையை நீக்கியது. நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பின் சாரம் இது: கல்லாத ஏழைக்குத் தன் உரிமையே தெரியாது, தெரியாததை அவர் எவ்வாறு கேட்பார்? ஆதலின் அதனை அவர்க்கு அறிவிப்பது நீதிபதியின் கடமை. உச்சநீதிமன்றம் வகுத்த சட்டம் அனைத்து நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். ஆகவே அருணாசலத்து மலையில் எழுந்த வழக்கு நம் ஊராரையும் காக்கிறது.

1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பின்றி இவ்வுதவி பெறலாம். புதுக்கோட்டையிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் போதும். மேல்முறையீட்டுக்கும் இவ்வுதவி உண்டு. 2004 ஜூலை முதல் நம் மாவட்டத்துக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அருகிலுள்ளது.

நம்மைத் தாக்கியோர்க்கும் இதே உரிமை உண்டே எனச் சிலர் மனம் வெதும்பலாம். உண்டுதான். ஆயின் அவர்களுக்கு அஃது இல்லாதிருந்த நாளில்லை, நமக்கே இல்லாதிருந்தது. எல்லோர்க்கும் உரியது என்று நிலைநாட்டப்பட்டதால்தான் அது நம்மையும் வந்தடைந்தது.

கேளாதார்க்கும் உரிமை உண்டு என்றது சட்டம். அதனால் நாம் கேளாதிருத்தல் தகாது. நம் தெருவில் ஒருவர் கைதானால், படித்த இளைஞர் ஒருவர் உடன்சென்று வழக்கறிஞர் வேண்டுமெனக் கேட்டல் வேண்டும். நாம் கற்ற கல்வியின் பயன் அதுவே.