நெட் பிளாண்டர்ஸ்

நெட் பிளாண்டர்ஸ், அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 1989 முதல் ஒளிபரப்பாகிவரும் ‘தி சிம்ப்சன்ஸ்’ அசைவூட்ட நகைச்சுவைத் தொடரின் துணைப் பாத்திரங்களுள் ஒருவர். ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் கற்பனை ஊரில், எவர்கிரீன் டெரஸ் தெருவில் வசிக்கும் ஹோமர் சிம்ப்சனின் பக்கத்து வீட்டுக்காரர். அடர்ந்த மீசை, மூக்குக் கண்ணாடி, பச்சைக் கம்பளிச் சட்டை, பேச்சுக்கு நடுவே வந்து விழும் ‘டிட்லி’ என்ற அசை ஆகியவற்றால் எளிதில் அடையாளம் காணப்படுபவர். குரல் கொடுப்பவர் ஹாரி ஷியரர். பொறாமை கொள்ளத்தக்க நல்ல அயலாராகத் தொடங்கிய இப்பாத்திரம், காலப்போக்கில் மதப்பற்று என்ற ஒற்றைக் குணமாகச் சுருங்கியது.

பெயரும் தோற்றமும்

தொடரைப் படைத்த மேட் க்ரோனிங், ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் பிறந்தவர். அந்நகரின் வடமேற்குப் பகுதியில் தெருக்கள் ஆங்கில அகரவரிசைப்படி பெயரிடப்பட்டுள்ளன. அவற்றுள் பிளாண்டர்ஸ், கியர்னி, லவ்ஜாய், குவிம்பி ஆகிய பெயர்களை க்ரோனிங் தம் பாத்திரங்களுக்குச் சூட்டினார். இதற்குக் கைம்மாறுபோல, நெடுஞ்சாலையைக் கடக்கும், நடப்போருக்கும் மிதிவண்டிகளுக்குமான பாலம் ஒன்றுக்கு போர்ட்லாந்து நகரம் 2021இல் நெட் பிளாண்டர்சின் பெயரை வைத்தது.

சிம்ப்சன் குடும்பம் 1987இல் டிரேசி உல்மன் நிகழ்ச்சியின் குறும்படங்கள் வழியே அறிமுகமானது. பிளாண்டர்ஸ் தோன்றியது 1989 டிசம்பர் 17 அன்று ஒளிபரப்பான முதல் முழுநீளக் கிறிஸ்துமஸ் அத்தியாயத்தில். அதில் ஹோமர் தம் வீட்டில் அரைகுறையாக விளக்குச் சரம் கட்டி முடித்து நிற்க, பக்கத்து வீடு முழுதும் ஒளிர்கிறது. இல்லாதவர் பக்கத்தில் இருப்பவர் என்ற இந்த ஏற்பாடே பாத்திரத்தின் அடிப்படை.

முதற்காலம் (1990–1994)

முதல் நான்கைந்து பருவங்களின் பிளாண்டர்சே முழுமையான பிளாண்டர்ஸ். 1990 பிப்ரவரியில் வந்த ‘தி கால் ஆஃப் த சிம்ப்சன்ஸ்’ அத்தியாயத்தில் அவர் வாங்கிய வீட்டு வசதி வண்டியைப் பார்த்து ஹோமர் தாமும் ஒன்று வாங்கக் கிளம்புகிறார். அதே ஆண்டு நவம்பர் 15 அன்று வெளியான ‘டெட் பட்டிங் சொசைட்டி’ அவரை மையமாக வைத்த முதல் அத்தியாயம். தம் வீட்டுப் பொழுதுபோக்கு அறைக்கு ஹோமரை அழைத்து, குழாயிலிருந்து வெளிநாட்டு பீர் பிடித்துக் கொடுக்கிறார். அந்த உபசாரத்தைத் தற்பெருமையாக எடுத்துக்கொண்டு ஹோமர் சண்டை பிடிக்கிறார். மகன்கள் மோதும் குட்டி கோல்ஃப் போட்டியில் தோற்கும் பிள்ளையின் தகப்பன், மனைவியின் ஞாயிற்றுக்கிழமை உடையை உடுத்திப் புல்வெட்ட வேண்டும் என்று பந்தயம். ஆட்டம் சமனில் முடிய, இருவரும் வெட்ட நேர்கிறது. பிளாண்டர்ஸ் அதை ரசித்துச் செய்கிறார், ஹோமருக்கு அந்த வெற்றியும் இல்லாமல் போகிறது.

பக்தி இக்காலத்திலும் உண்டு. மேற்சொன்ன அத்தியாயத்திலேயே, அயலாரிடம் கோபப்பட்டுவிட்ட குற்றவுணர்வில் போதகர் லவ்ஜாய்க்குத் தொலைபேசி செய்கிறார். ஆயினும் அது அவருடைய பண்புகளுள் ஒன்றே. நல்ல உடற்கட்டு, அடங்கிய பிள்ளைகளான ராட், டாட், அன்பான மனைவி மோட், கடனில்லாக் குடித்தனம் ஆகியவையே ஹோமரின் கண்ணை உறுத்தின. முதலில் பக்கத்து வீட்டு நல்லவராக மட்டுமே எண்ணப்பட்ட பாத்திரத்துக்கு ஷியரர் தந்த இனிய குரல், எழுத்தாளர்களைச் சாந்தமும் பக்தியும் உள்ள மனிதராக அவரை வளர்க்கத் தூண்டியது.

1991 அக்டோபர் 3 அன்று வெளியான ‘வென் பிளாண்டர்ஸ் ஃபெயில்டு’ இக்காலத்தின் சிறந்த அத்தியாயம். மருந்தாளர் வேலையை விட்டு, இடக்கைக்காரர்களுக்கான ‘லெஃப்டோரியம்’ என்ற கடையைத் திறக்கிறார் பிளாண்டர்ஸ். கடை நொடிக்க வேண்டுமென ஹோமர் வேண்டிக்கொள்ள, அப்படியே நடக்கிறது. கடைசியில் ஊரிலுள்ள இடக்கைக்காரர்களையெல்லாம் திரட்டிக் கடையைக் காப்பாற்றுபவரும் ஹோமரே. 1994இன் ‘ஹோமர் லவ்ஸ் பிளாண்டர்ஸ்’ இவ்வுறவைத் தலைகீழாக்கி, ஹோமரின் நட்புத் தொல்லை தாங்காமல் பிளாண்டர்ஸ் வெறுப்படைவதைக் காட்டியது.

மாற்றம் (1995–2000)

1995 அக்டோபரில் வந்த ஓர் அத்தியாயத்தில் சிம்ப்சன் குழந்தைகள் பிளாண்டர்ஸ் வீட்டில் வளர்ப்புக்கு விடப்படுகின்றனர். அவர்களுக்கு ஞானஸ்நானம் ஆகவில்லை என்றறிந்ததும் ஆற்றுக்கு அழைத்துச் செல்கிறார். நகைச்சுவையின் சுமை முழுதும் இங்கே பக்தியின் மேல் விழுந்துவிட்டது. 1996 டிசம்பர் 29 அன்று வந்த ‘ஹரிகேன் நெட்டி’ இதற்கு ஓர் உளவியல் காரணம் கற்பித்தது. கட்டுப்பாடில்லாத பெற்றோருக்குப் பிறந்து அடங்காப் பிள்ளையாக வளர்ந்தவரை, எட்டு மாதம் இடைவிடாமல் அடித்துத் திருத்தியதாகவும், அடக்கப்பட்ட கோபமே அந்த ‘டிட்லி’ ஆனதாகவும் கதை. 1999இன் ‘விவா நெட் பிளாண்டர்ஸ்’ அத்தியாயத்தில் அவருக்கு அறுபது வயது என்று தெரிகிறது.

அமெரிக்காவில் பழமைவாதக் கிறிஸ்தவ அரசியல் 2000க்குப் பின் வலுப்பெற்றதே மாற்றத்துக்குக் காரணம் என்பாரும் உளர். ஆனால் மாற்றம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. வாரந்தோறும் சில நொடிகளே தோன்றும் பாத்திரத்தை ஒரே குணத்தால் அடையாளப்படுத்துவது எழுத்தாளர்களுக்கு எளிது என்பதே உண்மைக் காரணம். ஒரு பாத்திரம் தன் ஒரு குணத்தின் மிகையாகச் சுருங்குவதை இன்று ரசிகர்களும் விமர்சகர்களும் ‘பிளாண்டரைசேஷன்’ என்றே குறிப்பிடுகின்றனர்.

மோட் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த மேகி ராஸ்வெல் 1999இல் ஊதியப் பிணக்கால் விலகினார். 2000 பிப்ரவரி 13 அன்று வெளியான அத்தியாயத்தில், பந்தய அரங்கில் பார்வையாளர்களை நோக்கிச் சட்டைகளை எறியும் பீரங்கியால் மோட் கீழே விழுந்து இறப்பதாகக் காட்டப்பட்டது. விசுவாசம் தளர்ந்து மீளும் பிளாண்டர்சை இந்த அத்தியாயத்தில் காணலாம். அத்தளர்ச்சி அடுத்த வாரங்களில் மறக்கப்பட்டது.

வரவேற்பு

கேலிக்கு உள்ளானாலும், அமெரிக்கத் தொலைக்காட்சியில் மிக அதிகம் அறியப்பட்ட கிறிஸ்தவர்களுள் பிளாண்டர்ஸ் ஒருவர். ‘கிறிஸ்டியானிட்டி டுடே’ இதழ் 2001இல் அவரை அட்டையில் புனிதராக வரைந்து வெளியிட்டது. அரிசோனாவின் ‘ஓக்கிலி டோக்கிலி’ என்ற மெட்டல் இசைக்குழு அவரைப்போலவே உடுத்திப் பாடியது.

பிற்காலம்

2006இன் ‘தி மங்கி சூட்’ அத்தியாயத்தில் பிளாண்டர்ஸ் பரிணாமக் கொள்கையை எதிர்த்தார். 2007இன் சிம்ப்சன்ஸ் திரைப்படத்தில் ஹோமரின் மகன் பார்ட்டுக்குத் தந்தைபோல் நடந்துகொண்டார். பின்னர் ஆசிரியை எட்னா கிரபாப்பலை மணந்தார். எட்னாவுக்குக் குரல் கொடுத்த மார்சியா வாலஸ் 2013இல் காலமானபின் மீண்டும் மனைவியை இழந்தவரானார். 2018இல் தொடக்கப் பள்ளி ஆசிரியராகப் பணியேற்றார். தொடர் இன்றும் ஒளிபரப்பாகிறது.