நீர் மாத்திரையும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

கலசப்பாக்கத்தில் என் வயதுக்காரர்கள் நாலு பேர் காலையில் டீக்கடையில் சேர்ந்தால், பேச்சு செய்யாற்றில் தொடங்கினாலும் பருவதமலையில் தொடங்கினாலும் கடைசியில் மாத்திரையில்தான் வந்து முடிகிறது. "உனக்கு நீர் மாத்திரை ஒன்றா, அரையா?" என்று கேட்டுக்கொள்கிறோம். எனக்கு ஒன்று. அதை விழுங்கும்போதெல்லாம் 1978-ம் வருடமும் என் அம்மாவும் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

அப்போது நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தர். அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். படுத்தால் மூச்சு முட்டும் என்று இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து ஊசி போட்டார்கள். வீக்கம் வடிந்தது. இதயத்துக்கு ஒரு மாத்திரையும் காலையில் போட ஒரு நீர் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் சாயங்காலம் பாதம் கொஞ்சம் உப்பினாற்போல் தெரிந்தது. படித்தவன் என்ற தைரியத்தில், யாரையும் கேட்காமல், இரவு ஒன்பது மணிக்கு நானே இன்னொரு நீர் மாத்திரையைக் கொடுத்துவிட்டேன். இரண்டாகக் கொடுத்தால் சீக்கிரம் வடியும் என்பது என் கணக்கு. அம்மா இரவில் நாலு முறை எழுந்து கொல்லைப்பக்கம் போனார். ஐந்தாம் முறை எழுந்தபோது தலை சுற்றி வாசற்படியில் விழுந்தார். நெற்றி பிளந்து ரத்தம்.

மறுபடியும் ஆஸ்பத்திரி. தையல் போட்டார்கள். அங்கிருந்த சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. அம்மாவைப் படுக்க வைத்து ஒருமுறை, மெதுவாக எழுப்பி நிற்க வைத்து ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்தார். நிற்கும்போது அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தது. பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, பக்கத்துக்கு நாலு கட்டம் கோடு போட்டார். எடை, நாடி, குடித்தது, கழித்தது. "ஆபீஸ்ல ரிஜிஸ்டர் எழுதுறீங்க இல்ல தம்பி? இதையும் எழுதுங்க. மாத்திரையைக் கூட்டுறதும் கொறைக்கிறதும் டாக்டர் பார்த்துக்குவார்" என்றார்.

அந்த நாலு கட்டத்துக்குப் பின்னால் எவ்வளவு பெரிய சரித்திரம் இருக்கிறது என்பதை நான் ஓய்வு பெற்ற பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் படித்தது புதுச்சேரியில், மாமா வீட்டில் தங்கி, பிரெஞ்சுப் பள்ளியில். அங்கே செடிகொடிப் பாடத்தில் ஒரு பூ வரும். விரலில் மாட்டும் அங்குஸ்தான் போன்ற வடிவம். பிரெஞ்சில் 'திஜித்தால்', விரல் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். 1775-ல் இங்கிலாந்து டாக்டர் வில்லியம் விதரிங்கிடம் ஒரு கிழவியின் குடும்ப வைத்தியம் வந்து சேர்ந்தது. உடம்பில் நீர் கோத்தவர்களுக்கு அவள் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகளைக் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அதில் வேலை செய்வது இந்தச் செடியின் இலைதான் என்று விதரிங் கண்டுகொண்டார். பத்து வருடம் நோயாளிகளைக் கவனித்துக் குறிப்பெழுதி 1785-ல் புத்தகம் போட்டார். அளவு மீறினால் வாந்தி வரும், பார்வை மஞ்சளும் பச்சையுமாகத் தெரியும், நாடி மிகவும் குறைந்துவிடும் என்றும் அதில் எழுதினார். 1869-ல் பாரிஸில் நத்திவெல் என்பவர் அந்த இலையின் சத்தைப் படிகமாகப் பிரித்தார். 'திஜித்தாலின்' என்ற பெயரில் அது சொட்டு மருந்தாக வந்தது. மாமா வீட்டுப் பாட்டிக்குச் சொட்டு எண்ணி விடும்போது யாரும் பேசக் கூடாது. எண்ணிக்கை தப்பினால் ஆபத்து என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். இன்றைய டிகாக்சின் மாத்திரை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

நீரை வெளியேற்றும் வழி அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை. 1870-களில் லண்டனில் சவுதி என்ற டாக்டர், வீங்கிய காலில் மெல்லிய குழாயைச் செருகி நீரைச் சொட்டுச் சொட்டாக வடித்தார். நல்ல மருந்து கிடைத்தது 1919-ல், வியன்னாவில். ஆல்ஃபிரட் வோகல் என்ற மருத்துவ மாணவர் ஒரு பெண்ணுக்குப் பால்வினை நோய்க்காக ஒரு பாதரச ஊசி போட்டார். அவள் கழித்த சிறுநீரின் அளவை வார்டு செவிலியர்கள் அன்றாடம் தவறாமல் குறித்து வந்தார்கள். அந்த அட்டவணையைப் பார்த்தபோது, ஊசி போட்ட நாட்களில் மட்டும் அளவு பல மடங்கு கூடியிருப்பது தெரிந்தது. வேறு நோய்க்காகப் போட்ட ஊசி அடுத்த முப்பது நாற்பது வருடங்களுக்கு நீர் இறக்கும் மருந்தாக ஆனது. செவிலியர்கள் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வாழ்நாள் முழுக்கப் பதிவேடு எழுதியவன் நான். இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் புரிந்துகொள்வார்கள்.

பாதரசம் சிறுநீரகத்துக்கு விஷம். 1958-ல் வாயால் விழுங்கும் தயசைடு மாத்திரை வந்தது. 1960-களில் ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் கம்பெனி ஃபுரோசமைடைக் கொண்டுவந்தது. நாம் லாசிக்ஸ் என்று சொல்வது அதைத்தான். விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும். ஆறு மணி நேரம் வரை நிற்கும். அதைக் காலையில் கொடுக்கச் சொல்வது இதனால்தான். இரவில் கொடுத்தால் தூக்கமும் கெடும், இருட்டில் விழவும் நேரும். என் அம்மாவின் நெற்றித் தழும்பு அதற்குச் சாட்சி.

சிஸ்டர் போட்ட நாலு கட்டத்தையும் இப்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். எடை முதலில். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. கால் வீங்குவதற்கு முன்பே தராசு சொல்லிவிடும். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே தராசில் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் டாக்டரிடம் ஓட வேண்டும். எங்களிடம் அப்போது தராசு ஏது? தெருமுனை ரைஸ் மில்லில் நெல் மூட்டை நிறுக்கும் தராசில் அம்மாவை வாரம் இரண்டு தரம் உட்கார வைத்தோம்.

இரண்டாவது நாடி. டிகாக்சின் கொடுக்கும் முன் ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே போனால் மாத்திரையை நிறுத்தி வைத்து டாக்டரைக் கேட்பது செவிலியர்களின் வழக்கம். மூன்றாவதும் நான்காவதும் உள்ளே போன நீர், வெளியே வந்த நீர்.

இன்னொன்றும் உண்டு. லாசிக்ஸ் நீரோடு பொட்டாசியம் என்ற உப்பையும் வெளியேற்றிவிடும். அது குறைந்தால் டிகாக்சினின் விஷம் கூடும். அதனால் சிலரை வாழைப்பழமும் இளநீரும் சாப்பிடச் சொல்வார்கள். ஆனால் ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்தி வைக்கும். அவர்களுக்கு அதே இளநீர் ஆபத்தாகலாம். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் பத்தியம் நமக்கு ஆகாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மட்டும் யாருக்கும் வேண்டாம்.

கை வைத்தியத்தையும் சொல்ல வேண்டும். மூக்கிரட்டை நீர் பிரிக்கும் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். கல்கத்தாவில் கர்னல் சோப்ரா 1920-களிலேயே அதைச் சோதித்து எழுதினார். அதற்காக மாத்திரையோடு கஷாயத்தையும் சேர்த்துக் குடிக்கக் கூடாது. இரண்டு மாத்திரையால் என்ன ஆகும் என்று நான் பார்த்தவன்.

இந்தப் பக்கத்தில் செவிலியர் படிப்புக்கு வேர் ஆழம். ஐடா ஸ்கடர் வேலூரில் 1909-லேயே செவிலியர் பள்ளி தொடங்கினார். 1946-ல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஜவ்வாது மலையில் சாமை விளைவிக்கும் ஊர்களிலிருந்து மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டு இறங்கி வந்தவர்களைப் பார்த்த எனக்கு, இதன் அருமை தெரியும். ஆனால் மாத்திரை வந்தால் போதாது. அதை விழுங்கிய பிறகு உடம்பு என்ன சொல்கிறது என்று எழுதி வைக்க வீட்டில் ஒருவர் வேண்டும்.

அம்மா அதன் பிறகு ஆறு வருடம் இருந்தார். நோட்டுகள் ஏழு சேர்ந்தன. கடைசி நோட்டில் பாதிப் பக்கங்கள் காலியாகவே இருக்கின்றன. அதை நான் தூக்கிப் போடவில்லை.

இப்போது என் எடையை எழுதுவது என் மனைவி. இன்று காலை 61 கிலோ 400. நேற்றும் அதேதான். "ஒங்க அம்மா நோட்டுல கையெழுத்து நல்லா இருந்துச்சு, என்னுதுதான் கோழி கிறுக்கல்" என்கிறாள். கையெழுத்து எப்படி இருந்தால் என்ன, கட்டம் காலியாக இல்லையே!