ஒப்பந்தம் முடிந்த பிறகும்

விளையாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் சுளிக்கிற நண்பர்கள் நமக்குள் உண்டு. சுரண்டல் என்றதும் அவர்களுக்கு ஆலை தெரிகிறது, வயல் தெரிகிறது. கால்பந்து மைதானம் தெரிவதில்லை. கூலி ஒப்பந்தத்தின் அதிகாரம் அம்மணமாக நிற்கிற இடங்களுள் அதுவும் ஒன்று என்பேன்.

இங்கிலாந்தில் 1893இல் லீக் ஒரு விதி கொண்டுவந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரனின் பதிவைக் கிளப் தன்னிடமே வைத்திருக்கலாம். பதிவு மாறாமல் லீகின் வேறு எந்த அணிக்கும் அவன் ஆட முடியாது. கொடுக்கிற கூலிக்குச் சம்மதிக்காவிட்டால் சம்பளமும் கிடையாது. 'ரீடெய்ன்' என்ற சொல் கண்ணியமாகத்தான் ஒலிக்கிறது. தமிழில் 'வச்சுக்கறது' என்று சொல்லிப் பாருங்கள், விவகாரம் விளங்கிவிடும். 1901இல் உச்சவரம்புக் கூலியும் சேர்ந்தது: வாரம் 4 பவுண்டு.

அந்த வரம்பு 20 பவுண்டாக இருந்தபோது, 1961 ஜனவரியில், ஜிம்மி ஹில் தலைமையிலான சங்கத்தின் வேலைநிறுத்த மிரட்டலுக்குப் பணிந்து அதை எடுத்தார்கள். 'ரீடெய்ன்' போகவில்லை. 1960இல் ஒப்பந்தம் முடிந்த ஜார்ஜ் ஈஸ்டாமை நியூகாசில் கிளப் விட மறுத்தது. மனுஷன் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கார்க் விற்கப் போனார். சில மாதம் கழித்து ஆர்சனலுக்கு 47,500 பவுண்டுக்கு அவரை விற்றார்கள். கேட்டது கிடைத்த பிறகும் சங்கத்தின் துணையோடு அவர் வழக்கை நடத்தினார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், இது தொழில் செய்யும் உரிமைமீதான நியாயமற்ற தடை என்றார்.

கட்டுப்பாடு இல்லாவிட்டால் பணக்கார அணிகள் எல்லோரையும் வாரிக்கொண்டு போய்விடும், சின்ன அணிகள் செத்துப்போகும் என்பது முதலாளிகளின் வாதம். முழுப் பொய் இல்லை. ஆனால் அணிகளுக்கிடையிலான சமத்துவத்திற்கு ஆகிற செலவை ஏன் ஆட்டக்காரன் தலையில் கட்ட வேண்டும்? வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாமே.

வில்பர்ஃபோர்ஸ் மாற்றுத் தொகையை ஒழிக்கவில்லை. 1990இல் பெல்ஜியத்தின் லியேஜ் கிளப் ஒப்பந்தம் முடிந்த போஸ்மனுக்குப் பழைய சம்பளத்தில் கால்வாசிதான் தருவதாகச் சொன்னது. டன்கெர்க்குக்குப் போகவும் வழியில்லாமல் போயிற்று. ஒப்பந்தம் முடிந்தவன் ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் வேறு நாட்டு அணிக்குப் போக மாற்றுத் தொகை கேட்கக் கூடாது என்று 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவருக்கு வயது 31. ஆட்டக்காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது. நட்சத்திரங்கள் கோடிகளில் பேரம் பேசினார்கள். கீழ்ப்பிரிவு ஆட்டக்காரனுக்கு வாய்த்தது மார்க்ஸ் சொன்ன இரட்டைச் சுதந்திரம்: எங்கும் போகலாம், கையில் ஒன்றுமில்லை.

ஒப்பந்தத்தை நடுவில் முறிப்பது வேறு சங்கதி. அதில் ஃபிஃபா வைத்திருந்த சில விதிகள் செல்லாது என்று டியாரா வழக்கில் 2024 அக்டோபரில் அதே நீதிமன்றம் சொன்னது. அங்கேயும் பிரச்சினைக்குரியவற்றுள் ஒன்று பழைய காகிதம்தான்: வேறு நாட்டு அணிக்கு மாற வேண்டிய சான்றிதழ்.