இக்னிஷன் காயில் (பழைய அவுட்போர்டு மோட்டார்)

படகின் பின்பலகையில் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டாரில் ஸ்பார்க் பிளக்கிற்கு உயர் மின்னழுத்தம் தரும் உறுப்பு. பேட்டரி இல்லாத மேக்னட்டோ வகையில் இது ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கும்.

இயக்கம்: மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிய உள்ளகத்தின்மேல் தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகள் கொண்ட முதன்மைச் சுருளும், அதன்மேல் மயிரிழைக் கம்பியில் பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட துணைச் சுருளும் உண்டு. ஃப்ளைவீல் காந்தம் கடக்கையில் முதன்மைச் சுருளில் மின்னோட்டம் எழும். பாயின்ட் (அம்மின்னோட்டத்தைத் துண்டிக்கும் தொடர்பு முனைகள்) திறந்ததும் அது அறுபட, காந்தப்புலம் சரிந்து, துணைச் சுருளில் பல ஆயிரம் வோல்ட் பிறக்கும். கண்டென்சர் பாயின்ட் முனை கருகாமல் காக்கும்.

வடிவமைப்பின் விளைவு: சுற்று விகிதம் கூடினால் மின்னழுத்தம் ஏறும், மின்காப்பு அதைத் தாங்கவேண்டும். உள்ளகத்துக்கும் காந்தத்துக்கும் இடைவெளி அகன்றால், மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை மெதுவாக இழுக்கும்போது பொறி வராது. 1950களின் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் காயிலின் மேலுறை வெடிப்பது பெயர்பெற்ற கோளாறு. அவ்விரிசலில் ஈரம் புகுந்தால் பொறி பிளக்கை எட்டாமல் உள்ளேயே கசியும்.

சென்னையில்: அடையாறு கடலில் கலக்கும் பட்டினப்பாக்கம் பகுதியில் மீனவர்களின் ஃபைபர் படகுகள் அவுட்போர்டு மோட்டாரில் ஓடுகின்றன. உப்புக்காற்று மின் இணைப்புகளை அரிக்கும். மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாரின் பிளக்கில் கரி படியும் என்பதால் வலுவான பொறி இன்றியமையாதது.